பட்டான் கல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இறந்தவர் நினைவாக ஒரு கல்லை நாட்டி, அதில் ஏதேனும் ஓர் அடையாளத்தைப் பொறித்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களில் சிலுவையோடு நங்கூரமும், பாதியில் முறிந்த தூணும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நங்கூரம் நம்பிக்கையைக் குறிக்கும். முறிந்த தூண் இளமையிலேயே முடிந்துபோன வாழ்வைக் குறிக்கும். பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களையே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே வருகிறவனுக்கு, 'நீயும் ஒரு நாள் இப்படித்தான்' என்று சொல்லும் உருவங்கள் அவை. முகலாயர் மரபுக் கல்லறைகளிலோ ஆணுக்கு எழுதுகோல் பெட்டியும், பெண்ணுக்கு எழுதுபலகையும் அடையாளம். எழுதுகிறவன் ஆண், எழுதப்படுகிறவள் பெண் என்பது அதன் உட்பொருள் போலும்! அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு என்றாலும் இக்கட்டுரையின் பொருள் அதுவன்று.

கல்லறைக் கற்களின் மொழியைக் கற்க நம் மாவட்டத்து மாணவர்கள் பழவேற்காட்டுக்கோ ஆக்ராவுக்கோ போக வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து, மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் செங்கம். அந்த வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் காட்டு வழிகளிலும் நிற்கும் நடுகற்கள் தமிழக வரலாற்றுக்கே பெரும் செல்வம். அரசின் தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்த அக்கற்களின் எழுத்துகளை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. நம் மாவட்டத்து மாணவர்களில் எத்தனை பேர் அந்நூலைப் பார்த்திருக்கிறோம் என்று கேட்டால் கைகள் அதிகம் உயரா.

இயற்பியல் படிக்கிறவளுக்கு நடுகல்லில் என்ன வேலை என்று வகுப்புத் தோழியர் கேட்டார்கள். வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடுகல் என்பது பெரும்பாலும் புதைகுழியின் மேல் வைத்த மூடுகல் அன்று. போரில் விழுந்தவனுக்காக, அவன் விழுந்த இடத்திலோ ஊரார் போய்வரும் வழியிலோ நிமிர்த்தி நட்ட கல். நட்ட கல் ஆதலால் நடுகல். அதை எப்படி நடவேண்டும் என்பதற்கே தொல்காப்பியம் ஆறு நிலைகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பின் நடுதல். அதற்குச் சிறப்புகள் செய்வது பெரும்படை. இறுதியில் வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று காதைகளின் பெயர்களே இந்த வரிசையில்தான் வருகின்றன. பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்தபோது, இவை கல் நடும் வேலையின் படிகள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சங்கப் புலவர்கள் நடுகல்லை எத்தனையோ இடங்களில் பாடியிருக்கின்றனர். கல்லுக்கு மயிற்பீலி சூட்டுவார்கள், கள்ளைப் படைப்பார்கள், சுற்றிலும் வேலையும் கேடயத்தையும் ஊன்றி வைப்பார்கள். தகடூர் அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன், இன்று நடுகல்லாகி, சிறு கலத்தில் ஊற்றும் கள்ளைக் கொள்வானோ என்று அவர் ஏங்குகிறார். நமக்கு இன்னும் நெருக்கமானது மலைபடுகடாம். அதன் தலைவனான நன்னனின் ஊர் செங்கம். அவன் மலை நவிரமலை, அதாவது இன்றைய பர்வதமலை. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் புலவர் பெருங்கௌசிகனார், போகும் பாதையில் வீரர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள் நிற்கும் கவர்த்த வழிகள் எண்ண முடியாத அளவுக்கு வரும் என்று எச்சரிக்கிறார். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே செங்கத்துக்குப் போகிறவன் நடுகற்களைக் கடந்துதான் போயிருக்கிறான்!

பெயர் எழுதிய கல் என்று புலவர்கள் பாடியது வெறும் கற்பனையோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டனர். எழுத்து தமிழ்ப் பிராமி. அவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்று அறிஞர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனின் கல். ஆகோள் என்றால் பசுக்கவர்தல். தொல்காப்பியத்தில் படிக்கும் அதே சொல் கல்லிலும் இருக்கிறது! அக்கற்களில் உருவம் எதுவும் கிடையாது. பெயரும் ஊரும் காரணமும் மட்டுமே. உருவம் செதுக்கும் வழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது.

அப்படி உருவமும் எழுத்தும் சேர்ந்து நிற்பவைதாம் செங்கத்துக் கற்கள். பல்லவர் காலத்தில் தொடங்கும் இவற்றைப் படிப்பது அறிவியல் தேற்றம் ஒன்றைப் படிப்பது போலத்தான். அமைப்பு தெரிந்துவிட்டால் பொருள் தானே விளங்கும். முதலில் அரசன் பெயரும் அவனது ஆட்சியாண்டும் வரும். மகேந்திரவர்மன் என்ற பெயர் கல்லில் 'மயீந்திர பருமர்' என்று தமிழ்ப்பட்டு நிற்கும். அடுத்து அவனுக்குக் கீழிருந்த வாணகோ அரைசர் போன்ற சிற்றரசர் பெயர். அதன்பின் அவரிடம் பணிசெய்த வீரன். பின்னர் நிகழ்ச்சி. 'தொறு' என்ற சொல் அடிக்கடி வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை யாரோ ஓட்டிச் சென்றபோது, அல்லது ஊரை யாரோ எறிந்தபோது, இன்னான் மீட்டான். முடிவாக 'பட்டான் கல்'. பட்டான் என்றால் மாண்டான். புலியோடு பொருது இறந்தவனுக்குப் 'புலிகுத்திப் பட்டான் கல்' என்றும், காட்டுப்பன்றியோடு பொருது இறந்தவனுக்குப் 'பன்றிகுத்திப் பட்டான் கல்' என்றும் இன்றுவரை பேச்சில் உள்ள பெயர்கள் இவ்வாறு வந்தவையே. பாட்டி தாத்தா வாயில் தேய்ந்த தமிழாக ஒலித்தாலும் அது கல்வெட்டுத் தமிழ்.

இனி உருவத்துக்கு வருவோம். வீரன் ஒரு பக்கமாகத் திரும்பி, காலை முன்வைத்துப் பாய்கிற நிலையில் இருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் வாள். சில கற்களில் வாளும் கேடயமும். இடையில் குறுவாள். தலைமுடி கொண்டையாக முடிந்திருக்கும். உடலில் அம்புகள் தைத்திருக்கும். அந்த அம்புகளைக் கவனிக்க வேண்டும். எத்தனை தைத்தாலும் அவன் பாய்கிற பக்கத்திலிருந்துதான் வந்து தைத்திருக்கும். புறமுதுகில் புண்பட்டதற்காக நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனின் கதையைப் புறநானூறு சொல்கிறதன்றோ? மார்பில் தைத்த அம்பு, 'இவன் ஓடவில்லை' என்று ஊரார் கொடுத்த சான்றிதழ்.

காலருகே சிறு மாடுகள் செதுக்கப்பட்டிருந்தால், அவன் மீட்ட மந்தை என்று பொருள். மாடுகள் அளவில் மிகச் சிறியனவாக இருக்கும். அது சிற்பியின் அறியாமை அன்று. கல்லில் முதன்மை யாருக்கு என்பதைக் காட்டும் முறை அது. சில கற்களில் காலருகே கெண்டியும் சிமிழும் காணப்படும். மூக்குள்ள சிறு கலமான கெண்டி, வீரனுக்குப் படைத்த கள்ளைக் குறிக்கும் என்பர். ஔவை ஏங்கிய அந்தச் சிறு கலம்தான் கல்லில் ஏறிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. பிற்காலக் கற்களில் மேலே கவரி ஏந்திய தேவமகளிர் இருபுறமும் வந்து வீரனை அழைத்துச் செல்வார்கள். கன்னட நாட்டில் இது மூன்று அடுக்காக வளர்ந்தது. கீழ் அடுக்கில் போர், நடு அடுக்கில் விண்ணுலகப் பயணம், மேல் அடுக்கில் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கும் வீரன். உச்சியில் சூரியனும் சந்திரனும் இருந்தால், அவை உள்ளவரை இப்புகழும் இருக்கும் என்பது கருத்து.

இவ்வளவு அடையாளங்களிலும் ஒன்று மட்டும் இல்லை. பிணம் இல்லை. படுத்திருக்கும் உருவமோ மூடிய கண்ணோ எலும்போ இல்லை. பழவேற்காட்டு வாயிலில் சாவு நின்று வரவேற்கிறது. செங்கத்துக் கல்லில் சாவு என்பது 'பட்டான்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. உருவமோ அதற்கு முந்தைய நொடியில் நிற்கிறது. அவன் இன்னும் மாடுகளை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நடுகல்லின் எல்லாக் குறியீடுகளுக்கும் அடிப்படை இதுவே என்பது என் துணிபு. எப்படிச் செத்தான் என்பதைவிட, யாருக்காக நின்றான் என்பதையே கல் சொல்ல விரும்புகிறது.

யாருக்காக நின்றான்? மாட்டுக்காக! இன்றைய நகரத்து நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். மழையை நம்பிய மேட்டு நிலத்தில் மந்தைதான் சொத்து. உழுவதற்கும், பாலுக்கும், எருவுக்கும், மகளுக்குச் சீர் கொடுப்பதற்கும் அதுதான். மந்தை போனால் ஊர் போயிற்று. கறவை மாடு ஒன்று செத்தால் ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு பின்னுக்குப் போகும் என்பதை எங்கள் வீட்டுக் கணக்கிலேயே நான் அறிவேன். என் முதலாண்டுக் கல்லூரிச் செலவு பாதி பால் பணம். ஆகவே மாட்டை மீட்கச் செத்தவனுக்கு ஊர் ஏன் கல் நட்டது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இக்கற்களில் என்னை மிகவும் ஈர்த்தது எடத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற இளவீரன் தன் எருமை மந்தையைக் காத்து மாண்டான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். திருடர் இருவரை அது கடித்துக் காத்து நின்றதாகக் கல் சொல்கிறது. நாயின் உருவத்தையும் வீரன் அருகிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு மாமல்லன் என்ற பெயர் வருவதற்கு முன்பே, நம் பக்கத்தில் ஒரு நாயின் பெயர் கல்லில் ஏறியிருக்கிறது! காஞ்சிப் பல்லவனின் பட்டத்தரசி பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். எருமை மேய்த்தவனின் நாய்க்குப் பெயர் இருக்கிறது.

விலங்குக்கும் பறவைக்கும் கல் நட்டது இங்கு மட்டுமன்று. நமக்கு அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலுக்கு ஒரு நடுகல் உண்டு. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி என்று எழுதி, சேவலின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். இந்தளூரிலும் ஒரு கோழிக்கல்; அந்தச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர். கன்னட நாட்டு ஆதகூர்க் கல்லின் கதை இன்னும் பெரிது. 949-இல் நம் வடாற்காட்டுப் பகுதித் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலேயே மாண்டான். வென்ற பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் சிறப்பாகப் போரிட்டான். என்ன பரிசு வேண்டும் என்று மன்னன் கேட்க, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான் அவன். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் செத்தன. காளிக்கு எழுப்பிய கல்லில்தான் தக்கோலப் போரின் செய்தியும் இருக்கிறது. சோழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரு நாயின் கல்லறைக் கல்லைச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது!

பெண்களுக்கான கற்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கணவன் மாண்டபின் தீயில் இறங்கிய பெண்ணுக்கு நட்டது சதிக்கல். கிருட்டிணகிரிப் பக்கம் மாஸ்திக்கல் என்பார்கள். வேறு சில ஊர்களில் தீப்பாய்ந்த அம்மன் என்று கும்பிடுகிறார்கள். கணவன் அருகில் அவளும் நிற்பாள். வடக்கே போகப் போக, ஒரு தூணிலிருந்து முழங்கையில் மடங்கி உயர்ந்த ஒற்றைக் கையை மட்டும் செதுக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். கை நிறைய வளையல். வளையல் உடையவில்லை, எனவே அவள் கைம்பெண் ஆகவில்லை, சுமங்கலியாகவே போனாள் என்பது அதன் பொருள். குறியீடு என்ற வகையில் அது மிகத் திறமையானது. ஆனால் அந்தக் கையைப் படத்தில் பார்த்தபோது எனக்குத் திறமை தோன்றவில்லை. முகம் எங்கே என்றுதான் தோன்றியது. நாய்க்குப் பெயர் எழுதிய உளிகள், இவர்களில் பலருக்குப் பெயர் எழுதவில்லை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தன் வாயாலேயே பாடிவிட்டுத் தீப்புகுந்தாள் என்று புறநானூறு காட்டுகிறது. அப்படிப் பாட வாய்ப்பில்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ? 1829-இல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்த பிறகுதான் இவ்வழக்கம் குற்றமாயிற்று.

இதில் ஆறுதல் ஒன்று உண்டு. தமிழ் இலக்கியத்தில் மிகப் பெரிய சிறப்போடு நட்ட கல் ஒரு பெண்ணின் கல்தான். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கனகவிசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தது கண்ணகிக்காக. அவள் கணவனின் சிதையில் இறங்கியவள் அல்லள். அரசனிடம் வழக்குரைத்து வென்றவள்.

இனி, இயற்பியலுக்கு என்ன வேலை என்ற கேள்வி. செங்கத்துக் கற்களின் எழுத்து வட்டெழுத்து. நாம் இன்று எழுதும் தமிழெழுத்தைத் தெரிந்தவன் அதைப் பார்த்தால் மண்புழு ஊர்ந்த தடம் போலத்தான் தோன்றும். அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் படிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டுமே! கருங்கல் கடினமானது. ஆழமாக வெட்டுவது கடினம். வெட்டிய சிறு ஆழமும் 1,400 ஆண்டு வெயிலிலும் மழையிலும் மழுங்கிவிட்டது. நண்பகலில் கல்லின் முன் நின்றால் எழுத்து இருப்பதே தெரியாது. காரணம் எளியது. ஒளி கல்லின் முகத்தில் நேராக விழும்போது பள்ளத்துக்கு நிழல் இல்லை. ஒளியைச் சாய்த்துவிட்டால் நிழல் நீளும். எழுத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி கல்லின் பரப்போடு 45 பாகை சாய்ந்து வந்தால் நிழலின் நீளமும் 2 மில்லிமீட்டர்தான். 10 பாகையாகச் சாய்த்தால் 11 மில்லிமீட்டருக்கு மேல்! ஆழத்தைச் சாய்கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் போதும். அதனால்தான் கல்வெட்டு ஆய்வாளர்கள் காலையிலும் மாலையிலும் கல்லைப் பார்க்கிறார்கள். இரவில் டார்ச் விளக்கைக் கல்லின் ஓரமாக வைத்து அடிக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் எதற்கு என்று சலித்துக்கொண்டவர்களுக்கு இதோ ஒரு பயன்.

அடுத்தது மைப்படி எடுத்தல். கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, மயிர் அடர்ந்த பிரஷ்ஷால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கிப் படியும். பிறகு மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றினால், பள்ளத்துக்குள் இறங்கிய இடம் மட்டும் மைபடாமல் வெள்ளையாக நிற்கும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. காய்ந்தபின் உரித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஆர்வக்கோளாறில் சிலர் சாக்பீஸால் எழுத்தை நிரப்பிப் படமெடுக்கிறார்கள். அதில் கல்வெட்டு தெரிவதில்லை; அவர்கள் எழுதியதுதான் தெரிகிறது. ஆசிட் ஊற்றுவதும் இரும்பு பிரஷ்ஷால் தேய்ப்பதும் அதைவிடக் கொடுமை.

எழுத்து மறைவது பற்றிய கவலை நமக்கு மட்டும் உரியதன்று. அகநானூற்றில் மருதன் இளநாகனார் பாடல் ஒன்று வருகிறது. மறவர்கள் நடுகல்லின் விளிம்பிலேயே அம்பைத் தீட்டித் தீட்டிக் கல் தேய்ந்துவிட்டது. வழிப்போக்கர்கள் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பார்க்கிறார்கள், தொடர்பு கிடைக்கவில்லை, களைப்போடு விட்டுவிட்டுப் போகிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் உறைக்கவும் செய்தது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகும் நாமும் அந்த வழிப்போக்கர்கள்தாமே?

இன்று அம்பு தீட்டுவோர் இல்லை. ஆனால் ஏரி தூர்வாரும் பொக்லைன் இருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது புரட்டப்பட்ட கல், துணி துவைக்கும் கல்லாகவும் மதகுப் பலகையாகவும் மாறிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவே இக்கற்கள் எஞ்சியிருப்பதற்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மக்கள் இவற்றைக் கும்பிடுகிறார்கள். செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் நடுகல் வீரனுக்கு வேடியப்பன் என்று பெயர். வில்லோடு நிற்பவனை வேடன் என்று கண்டு அப்பனும் ஆக்கிவிட்டார்கள். ஆடிக்குப் பொங்கல், நேர்ந்துகொண்டால் கோழி, ஆடு. வேலியும் காவலும் போட முடியாத காட்டில் 1,400 ஆண்டுக் கல்லைக் காத்தது அந்தக் கும்பிடுதான். ஆனால் கும்பிடுகிற கைகளே எண்ணெயையும் மஞ்சளையும் அப்பி எழுத்தை மூடுகின்றன. எண்ணெயில் புழுதி ஒட்டி மேலோடு கட்டிவிடுகிறது. அண்மைக் காலமாக இன்னொரு தொல்லை. கோவில் எடுக்கிறோம் என்று கல்லைச் சுற்றி டைல்ஸ் பதித்து, முகத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்து, எழுத்துள்ள அடிப்பாகத்தைச் சிமென்ட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே என்று விடுதி நண்பர்கள் சிலர் வாதிட்டார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வைத்துப் பாதுகாத்தும் வருகிறார்கள். கேட்பாரற்று வயலில் கிடக்கும் கல்லுக்கு அது சரி. ஆனால் ஒரு ஊர் கும்பிடும் கல்லைப் பெயர்த்தால், கல் பிழைக்கும். அந்த இடத்தில்தான் அவன் நின்றான் என்ற செய்தி செத்துவிடும். கல்லை அதன் இடத்தில் விட்டு, மைப்படி எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றைய தமிழில் பக்கத்தில் ஒரு பலகையாக வைக்கலாம். நம் கல்லூரித் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டாலே செய்துவிடக்கூடிய வேலை இது. டார்ச் பிடிக்க இயற்பியல் துறையிலிருந்து நாங்கள் வருகிறோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரிக்கரையிலும் ஒரு பலகைக் கல் நிற்கிறது. எண்ணெய்க் கறுப்புக்கு அடியில் வில் வளைவு போல ஒன்று கைக்குத் தட்டுப்படும். மாட்டுப்பொங்கலன்று மாடுகளைக் கழுவி ஓட்டிவரும்போது அந்தக் கல்லையும் கழுவி மஞ்சள் பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். பூசுவது என் ஆயா. அவருக்கு எழுத்து தெரியாது. அந்தக் கல்லில் எழுத்து இருக்கலாம் என்று நான் சொன்னபோது, "சாமிக்கு எதுக்கு பாப்பா எழுத்து? அவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். யார் என்று கேட்டேன். "நம்ம மாட்டக் காப்பாத்தறவன்" என்றார். தொல்லியல் துறை நூலைப் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் படிக்காமலே சொல்லிவிட்டார். ஆனால் அவன் பெயர் ஆயாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

வருகிற மாட்டுப்பொங்கலுக்குக் கல்லைக் கழுவியபின், மஞ்சள் பூசுவதற்கு முன்னால், எனக்கு அரைமணி நேரம் தருவதாக ஆயா ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு நிபந்தனைகள். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். டார்ச்சை அவர்தான் பிடிப்பார்.